விட்டுப்போன ஏழாம் பக்கம்

ட்ருகனினா, மெல்பர்ன்
ஜூலை 19

அன்புள்ள அப்பா,

நாங்கள் மூவரும் இங்கே நலம். உங்கள் முழங்காலும் சர்க்கரையும் டாக்டர் பேச்சைக் கேட்டு நடந்துகொள்கின்றன என்று நம்புகிறேன். இந்தக் கடிதம் மூன்று மாதம் முன்பே எழுதியிருக்க வேண்டியது. பக்கத்து வீட்டுப் பத்மாவின் அப்பா அம்மா போத்தனூரிலிருந்து வந்தபோது நீங்கள் கொடுத்தனுப்பிய பார்சல் அன்றைக்கே கைக்கு வந்துவிட்டது. இப்போது விசா முடிந்து அவர்கள் திரும்புகிறார்கள். பார்சல் வந்த அதே கையில் பதிலையும் கொடுத்தனுப்புகிறேன். பருப்புப் பொடிக்கு மட்டும் போனில் நன்றி சொன்னேன். புத்தகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

முதலில் மிதிலா. கடைவாயில் புதிதாக இரண்டு பற்கள் வந்திருக்கின்றன, குளிருக்குத் தொப்பி போட்டால் பிடுங்கி எறிகிறாள். பேச்சு மட்டும் இன்னும் வரவில்லை. மூன்று வயது முடியப்போகிறது. காது சோதனை சரியாக இருக்கிறது. சைல்ட்கேரில் அவளைவிடச் சின்னப் பிள்ளைகள் எல்லாம் சண்டை போடுகின்றன, இவள் சண்டையைக்கூட வாயைத் திறக்காமல் போடுகிறாள். பிரசன்னா "எங்க வீட்ல எல்லாருமே லேட்டுதான்" என்று சொல்லிவிட்டு வேர்ஹவுஸுக்குக் கிளம்பிவிடுகிறார். எனக்கு அப்படி இருக்க முடியவில்லை. கூகுளில் பார்க்கக் கூடாததை எல்லாம் பார்த்துவிட்டேன்.

ஐந்து மாதம் காத்திருந்து ஒரு பேச்சுப் பயிற்சியாளர் கிடைத்தார். அரை மணி நேரம் எங்கள் இருவரையும் விளையாடவிட்டுப் பார்த்தார். பிறகு மிதிலாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பற்றித்தான் சொன்னார். நான் கேள்வியும் கேட்கிறேனாம், அவள் யோசிப்பதற்குள் பதிலையும் நானே சொல்லிவிடுகிறேனாம். கேட்டபின் மனதுக்குள் பத்து வரை எண்ண வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். அப்பா, அது எவ்வளவு நேரம் என்று தெரியுமா? நான்கிலேயே நான் வாயைத் திறந்துவிடுகிறேன்.

இனி புத்தகம்.

இங்கே கிளேட்டனில் ஒரு நாடகக் குழு இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்காரர்கள் தொடங்கியது, இப்போது நம் ஊர்க்காரர்களும் சேர்ந்திருக்கிறோம். நடத்துபவர் வரதராஜா அங்கிள். வாரம் முழுக்க டிராம் ஓட்டுகிறார், ஞாயிறு முழுக்க எங்களை ஓட்டுகிறார். எனக்கு மலையாளம் வாசிக்க வரும் என்று தெரிந்ததும், கருணாகரப் பொதுவாளின் 'உப்பில்லாத கஞ்சி'யைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். அதனால்தான் உங்களிடம் அந்தப் புத்தகத்தைக் கேட்டேன். கேட்டபோது நீங்கள் போனில் கொஞ்ச நேரம் பேசவில்லை. நானே "இல்லைன்னா பரவாயில்லைப்பா" என்று சொல்லி முடித்துவிட்டேன். பழக்கம்.

பொதுவாள் மாஷைப் பற்றி நீங்கள் வீட்டில் பேசியதே இல்லை. அதனால் அவருடைய வாழ்க்கை வரலாற்றையும் தேடி வாங்கிப் படித்தேன். உங்களுக்குத் தெரிந்ததையே உங்களுக்கு எழுதுவது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. நெம்மாறையில் கணக்கு வாத்தியார். வாசகசாலை ஆண்டு விழாவுக்கு ராஜா வேஷமும் பாட்டும் இல்லாமல் ஒரு நாடகம் போட்டாராம். மேடையில் ஒரு பாய், ஒரு அடுப்பு, சண்டை போடும் இரண்டு அண்ணன் தம்பிகள். பாட்டு எங்கே என்று கேட்டு ஜனங்கள் பெஞ்சைத் தட்டியிருக்கிறார்கள். அடுத்த வருடமும் பாட்டில்லாமல்தான் போட்டார். பள்ளிக்கூடம் வேலையை விட்டு நீக்கியதும் குழுவோடு களத்துமேடு களத்துமேடாகப் போனார். கேரளத்தில் மேடையில் மனிதர்கள் வீட்டில் பேசுவதைப்போலப் பேசத் தொடங்கியது அவருடைய நாடகங்களில்தான் என்கிறது புத்தகம். அந்தக் குழுவில் பிரதி எடுக்கவும், மேடையோரம் நின்று வசனம் எடுத்துக்கொடுக்கவும் தமிழ்ப் பையன் ஒருவன் இருந்தான் என்றும் எழுதியிருக்கிறார்கள். பெயர் போடவில்லை.

அந்தப் பையனின் கதை நம் வீட்டில் சிரிப்புக் கதையாக ஓடிக்கொண்டிருந்தது. 'உப்பில்லாத கஞ்சி' முதன்முதலாக மேடையேறிய அன்று மத்தியானம் மாஷ் மூன்றாம் அங்கத்தைத் திருத்தி எழுதினார். ஒன்பது வருடம் ஜெயிலில் இருந்து திரும்பும் மகனிடம் தாய் பேசும் பேச்சை ஒரு முழுப் பக்கத்துக்குப் புதிதாக எழுதினார். நீங்கள் அவரவர் வசனத்தை அவரவருக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தீர்கள். தாயாக நடித்த தங்கமணி சேச்சிக்குப் போக வேண்டிய பக்கம் மட்டும் விட்டுப்போனது. மேடையில் மகன் "அம்மே, எதாவது சொல்லு" என்கிறான். சேச்சியிடம் சொல்ல ஒன்றும் இல்லை. மகன் வரும்வரை உப்புச் சேர்த்துக்கொள்வதில்லை என்று விரதம் இருந்த தாய் அவள். நின்று பார்த்துவிட்டு, கஞ்சியை ஊற்றினாள். உப்புச் சட்டியை எடுத்து வந்து அவனுக்குப் போட்டாள். அப்புறம் தனக்கும் ஒரு கல் எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். நான்கு நிமிடம் ஒரு வார்த்தை இல்லை. முடிந்ததும் மாஷ் உங்களைக் கண்ணில் படாதே என்று துரத்திவிட்டார். நீங்கள் ராத்திரி ரயிலுக்குப் போத்தனூர் வந்து சேர்ந்தீர்கள். மறுநாள் பேப்பர்கள் அந்த நான்கு நிமிடத்தைத்தான் தலையில் தூக்கிவைத்து ஆடின. அதற்குப் பிறகு மாஷின் நாடகங்களில் வசனம் எடுத்துக்கொடுப்பவரே கிடையாது.

இதை அம்மா எத்தனை முறை சொல்லிச் சிரித்திருப்பாள்! "ஒரு பக்கத்தை விட்டாரு, உத்தியோகத்தையும் விட்டாரு." வீட்டில் யார் எதை மறந்தாலும் அது அப்பா விட்ட பக்கம். கேஸ் அடுப்பை அணைக்க மறந்தால், குடையை பஸ்ஸில் விட்டால். என் கல்யாணத்தில் மாலைக் கூடை ரயிலிலேயே போய்விட்டபோது, மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பிரசன்னாவின் அண்ணன்கள்கூடச் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். எல்லோருக்கும் கடைசியாகச் சிரித்தீர்கள்.

நீங்கள் எல்லாப் புத்தகத்துக்கும் பிரவுன் பேப்பர் அட்டை போடுவீர்கள். இதற்கும் போட்டிருந்தீர்கள். மிதிலா அதைக் கிழித்துவிட்டாள். திட்டிக்கொண்டே புது அட்டை போட உட்கார்ந்தபோது, பேப்பருக்கும் அட்டைக்கும் நடுவில் நான்காக மடித்த ஒரு தாள். சட்டைப் பையில் வைக்கிற அளவு. உங்கள் கையெழுத்து. மேலே 'தங்கமணி, மூன்றாம் அங்கம், பக்கம் ஏழு'. மகனின் கடைசி வரிக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு. அதன் கீழே தாயின் முழுப் பேச்சும் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல்.

எழுதாமல் விட்டுப்போனது வேறு, எழுதி எடுத்துவைத்தது வேறு.

கொடுக்க மறந்திருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வாழ்க்கை வரலாற்றில் தங்கமணி சேச்சியின் பேட்டியைத் திரும்பப் படித்தேன். வசனம் வராமல் திகைத்து மேடையோரம் பார்த்தாராம். பையன் அங்கேயேதான் நின்றிருந்தான், கையில் முழு நாடகமும் இருந்தது, ஆனால் டார்ச் அணைந்திருந்தது என்கிறார். பேட்டரி தீர்ந்திருக்கும் என்று புத்தகம் எழுதியவர் சேர்த்துக்கொண்டிருக்கிறார். அப்பா, இருட்டாகவே இருக்கட்டும், அன்றைக்கு மத்தியானம்தான் நீங்கள் கையால் எழுதிய பேச்சு. முதல் வரியாவது உங்களுக்குத் தெரியாதா?

இரண்டு நாள் கழித்து மாஷ் உங்களைக் கூட்டிவரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார். "அவன் வரவில்லை" என்று வாழ்க்கை வரலாற்றில் அது ஒரே வரியில் முடிகிறது. அம்மா அதை ரோஷம் என்பாள். போயிருந்தால், தவறுக்கு மன்னிப்பை வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும், இல்லையென்றால் அது தவறில்லை என்று அவரிடமே சொல்ல வேண்டியிருக்கும். இரண்டும் உங்களால் முடிந்திருக்காது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பேச்சையும் தமிழில் எழுதிப் பார்த்தேன். நல்ல பேச்சு. தாய் பட்ட பாடெல்லாம் வரிசையாக வருகிறது, கடைசியில் மன்னிப்பும் வருகிறது. எழுதும்போது அழுதேன். மறுநாள் சத்தமாக வாசித்தபோது, அந்த மகன் நிற்க இடமே இல்லாத மாதிரி இருந்தது. அவன் இடத்தையும் சேர்த்து அவளே பேசிவிடுகிறாள். மிதிலாவிடம் நான் பேசுவதைப்போல.

வரதராஜா அங்கிளிடம் தாளைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "பிள்ளை, மடிச்சு வையும். உந்தத் தாளை வாசிச்சனெண்டால் மேடையில போடச் சொல்லிப்போடுவன்" என்றார். தாயாக நடிப்பவர் கமலினி அக்கா, ஆஸ்பத்திரியில் நர்ஸ். "ஓம், வசனம் இல்லாட்டி எனக்குப் பாடமாக்கிற வேலை மிச்சம். ஆனா நாலு நிமிசம் சும்மா நிண்டால் சனம் போனை எடுத்துப்போடுங்களே" என்றார். "எடுத்தால் எடுக்கட்டும், நீர் உப்பைப் போடும்" என்று அங்கிள் சொல்லிவிட்டார். ஒத்திகையில் மிதிலா என் மடியில்தான் இருந்தாள். அந்த நான்கு நிமிடமும் அசையாமல் பார்த்தாள். அசைந்தது நான்தான்.

நாடகம் ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை. அன்று கையில் கொடுக்கும் சிறு புத்தகத்தில் அங்கிள் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: 'பிரதி எடுத்த ஒருவரின் கவனக்குறைவால் பிறந்த மௌனம்'. அவரைக் குற்றம் சொல்லக் கூடாது, வாழ்க்கை வரலாற்றில் அப்படித்தான் இருக்கிறது. அச்சுக்குப் போவதற்கு முந்தின நாள் நான் அதை நிறுத்திவைத்தேன். ஏன் என்று கேட்டார். பிரதி எடுத்தவர் என் அப்பா என்றேன். "அப்ப அவரைக் கேட்டு எழுதும். இடத்தை வெறுமையா விடுறன்" என்றார் அங்கிள்.

அந்த இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. ஆகஸ்ட் பத்துக்குள் சொல்ல வேண்டும். உங்கள் பெயரைப் போடவா? கவனக்குறைவு என்ற வார்த்தையை எடுத்துவிட்டு என்ன எழுதுவது? மாஷ் இப்போது இல்லை, தங்கமணி சேச்சியும் இல்லை. வெறுமையாகவே விடு என்றாலும் விட்டுவிடுகிறேன். நானாக ஒரு வரியும் எழுதமாட்டேன். தாளை நீங்கள் தெரிந்தே அனுப்பினீர்களா, பழைய அட்டைக்குள் இருந்ததை மறந்துவிட்டீர்களா என்பதையும் நானாக முடிவு செய்யவில்லை. மறந்துவிட்டீர்கள் என்று இனிமேல் சொல்லமாட்டேன்.

மிதிலா நேற்று தம்ளரைக் காட்டினாள். என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு எண்ணினேன். எட்டு வரை போனேன். பேசவில்லை. என் விரலைப் பிடித்துக் குழாய்வரை இழுத்துக்கொண்டு போனாள். இதுவும் பதில்தான் என்றார் பயிற்சியாளர்.

காலையில் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் போடுங்கள். கம்பளிப் பனியன் ஒன்று பத்மாவின் அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன், கைகள் கொஞ்சம் நீளமாக இருக்கும், மடித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல உங்கள் காலை பத்து மணிக்குக் கூப்பிடுவேன். அந்தப் பக்கத்தைப் பற்றி ஒரே ஒரு முறை கேட்பேன். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் சத்தமே இருக்காது. பத்தோடு நிறுத்தமாட்டேன், எவ்வளவு நேரமானாலும் இருப்பேன். லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதீர்கள், அப்பா.

உங்கள் பிள்ளை,
லக்ஷ்மிப்ரியா