சரோஜத்துக்கு ஒரு சிங்கப்பூர் வால்

சாலை, திருவனந்தபுரம்
4 ஜூன் 2001

தங்கை சரோஜத்துக்கு அண்ணன் நயினார் எழுதுவது.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் நீ கடிதத்தைக் கிழித்தாலும் சிரித்துக்கொண்டாவது கிழிப்பாய். போன மாதம் ஒரு விண்ணப்பத்தில் சிங்கப்பூரில் உள்ள ஒரு கோவிலின் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். காலண்டரில் பார்த்த விலாசம். 'அங்கே உங்களுக்காகப் பொறுப்பேற்கும் நபர்' என்ற இடத்தில் அம்மன் பெயரைப் போட்டேன். அவர்கள் விடுவார்களா? கோவிலுக்கே எழுதிக் கேட்டுவிட்டார்கள். 'இப்படி ஒருவரை எங்களுக்குத் தெரியாது' என்று கோவில் ஆபீஸ் பதில் போட்டுவிட்டது. ஆக, அம்மனும் என்னைக் கைவிட்டாள்.

விஷயம் இதுதான். சிங்கப்பூரில் கடை வைத்திருக்கும் லிங்கம் என்பவர் நம் அப்பளத்தை எடுக்கத் தயார். ஆனால் இன்டர்நெட்டில் அந்த ஊர் விலாசம் இருந்தால்தான் அங்குள்ளவர்கள் நம்பி வாங்குவார்களாம். நீ தொட்டிலில் பார்த்த என் மகள் ஆதிரா இப்போது கம்ப்யூட்டர் படிக்கிறாள். கிழக்கேகோட்டையில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு என்னைக் கூட்டிப் போனாள். ஒவ்வொரு தேசத்துக்கும் இரண்டெழுத்து வால் உண்டாம். நம் பெயருக்குப் பின்னால் அந்த வாலை ஒட்டிவிட்டால் அந்தத் தேசத்தில் நமக்கு ஒரு கதவு. அதே வாலோடு அதே பெயர் உலகத்தில் இன்னொருத்தனுக்குக் கிடையாது. எனக்கு உடம்பு சிலிர்த்துப் போயிற்று, சரோஜம். அந்தக் கண்ணாடிக்குள்ளே தேசங்கள் வரிசையாக வாசல் வைத்துக்கொண்டு நிற்கின்றன! சில வாசல் சும்மா திறந்து கிடக்கிறது. சிங்கப்பூர் வாசலில் மட்டும் ஒருவன் நின்று, 'உள்ளே உனக்கு யார் இருக்கிறார்கள்?' என்று கேட்கிறான்.

யாரும் இல்லை என்று பதினெட்டு வருஷமாக ஊர் முழுக்கச் சொன்னவன் நான்.

லாரி ஷெட் கணக்கரோடு நீ போன அன்று, 'அவன் பெயரும் உன் பெயரும் இந்த வீட்டில் கேட்கக் கூடாது' என்று சத்தம் போட்டேனே, நினைவிருக்கிறதா? மறுநாள் காலை கடை திறந்ததும் முதல் ஆள் வந்து 'ரெண்டு கட்டு சரோஜம்' என்றான். 'நம்ம அப்பளம்' என்று சொல்லச் சொல்லி ஒரு மாதம் பழக்கிப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து ஒரு நாளைக்கு நாற்பது தடவை உன் பெயரைச் சொல்லித்தான் சாப்பிடுகிறேன்.

உன் விலாசத்தை உன் மைனி வடிவம்மாள் கொடுத்தாள். இத்தனை வருஷமாக அவள் உனக்குக் கடிதம் எழுதுகிறாள் என்பது இன்று காலை காப்பி குடிக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. என் வீட்டிலும் ஒரு வெளியுறவு இலாகா நடந்திருக்கிறது, பார்.

உன் பெயரும் விலாசமும் தருவாயா? இல்லை என்றால் லிங்கம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். நானும் இனி உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

நயினார்


சிங்கப்பூர்
19 ஜூன் 2001

நயினார் அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். வருத்தம் என்ற ஒரு சொல் எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். கோவில், காலண்டர், கண்ணாடி எல்லாம் இருந்தது.

என் பெயரைத் தர மாட்டேன். அதைத்தான் ஏற்கெனவே கட்டுக் கட்டாக விற்கிறீர்களே. பொறுப்பேற்கும் ஆளாக என் வீட்டுக்காரர் பெயரைப் போடுங்கள். அவர் சரி என்றுவிட்டார். உங்கள் மேல் அவருக்கு என்றைக்கும் கோபம் இருந்ததில்லை, அது வேறு எனக்குக் கோபம்.

ஒரு நிபந்தனை. ஆதிரா அடிக்கக் கூடாது. அந்தப் பெயரை நீங்களே, உங்கள் விரலாலேயே அடிக்க வேண்டும். அடித்தீர்களா என்று மைனி எனக்கு எழுதுவாள்.

சரோஜம் யோசுவா


சாலை
3 ஜூலை 2001

அன்புள்ள சரோஜம்,

அடித்தேன்.

வெள்ளிக்கிழமை என்பதால் ராகுகாலம் கழியட்டும் என்றாள் உன் மைனி. எந்த ஊர் ராகுகாலம் என்று சண்டை வந்தது. வலியசாலை சேஷன் ஜோசியரிடம் போனோம். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "பெயர் எங்கே பிறக்கிறதோ அந்த ஊர் ராகுகாலம்தான் ஓய்" என்றார். இன்டர்நெட் என்றால் என்ன என்று அவர் கேட்கவே இல்லை. மனுஷனுக்கு எவ்வளவு தெளிவு!

சென்டரில் ஆதிரா தள்ளி நின்றாள். நான் உட்கார்ந்தேன். அந்தப் பலகையில் எழுத்துகளை யார் இப்படிக் கலைத்துப் போட்டார்களோ, ஒவ்வொன்றாகத் தேடித் தேடி ஒற்றை விரலால் குத்தினேன். பின்னால் காத்திருந்தவர், "சேட்டா, இது எத்தற நேரமா?" என்றார். "பதினெட்டு வருஷம்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

முழுப் பெயரும் வந்தது. யோசுவா. நான் ஒரு தடவைகூட வாயால் சொல்லாத பெயர், கண்ணாடிக்குள்ளே வெளிச்சமாக நின்றது. அதற்கு நேர் மேலே உன் பெயர். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து எழுதியவன் நான்தான். சரோஜம், அந்த இரண்டு வரியைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. "அப்பா, மதி, போதும். அமுக்குங்க" என்று ஆதிரா சொன்ன பிறகுதான் அமுக்கினேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் கடல் தாண்டிப் போய்விட்டதாம். நீ போவதற்குக் கப்பலில் எத்தனை நாள் ஆயிற்று?

இதற்குள் உன் மைனி பையிலிருந்து கற்பூரத்தை எடுத்துவிட்டாள். சென்டர்க்காரர் அலறிக்கொண்டு ஓடி வந்தார். "அய்யோ அம்மா, வேண்டா! கம்ப்யூட்டர் போகும்!" கடைசியில் மானிட்டர் நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டோடு சமாதானம் ஆயிற்று.

நீ தேடிய சொல் போன கடிதத்தில் இல்லைதான். எழுதி எழுதி அடித்துவிட்டேன். இதில் அடிக்கவில்லை: நான் செய்தது தப்பு. வருத்தப்படுகிறேன்.

அண்ணன்


சிங்கப்பூர்
20 ஜூலை 2001

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடைசி வரியை அவரிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். பாதியில் கடிதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டேன், மீதியை அவர் படித்தார்.

பதிவு ஆபீஸிலிருந்து அவருக்கு மெயில் வந்தது. 'பொறுப்பாளர் யோசுவா, சரோஜம் அப்பளக் கம்பெனி, திருவனந்தபுரம்' என்று. அச்செடுத்து மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார். கேட்டால் சும்மா என்கிறார்.

ஆனால் ஒரு சிக்கல். இங்கே ஒரு ஜவுளிக் கடைக்காரரும் இதே பெயரைக் கேட்டிருக்கிறாராம். நம் பெயர் எத்தனை காலமாக வழக்கத்தில் இருக்கிறது என்பதற்குப் பழைய காகிதம் வேண்டும் என்கிறார்கள். இருப்பதிலேயே பழையதை அனுப்புங்கள்.

விட்டுவிடாதீர்கள், அண்ணா. அப்பா என் பெயரை வைத்துத்தான் தொழிலே ஆரம்பித்தார் என்று இவரிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறேன். ஒரு பெட்டியோடு வந்தவள் நான். அந்தப் பெருமை ஒன்றுதான் வீட்டிலிருந்து நான் எடுத்து வந்த நகை.

சரோஜம்


சாலை
14 ஆகஸ்ட் 2001

என் அன்புத் தங்கை சரோஜத்துக்கும் மாப்பிள்ளை யோசுவாவுக்கும்,

நேற்று கிடைத்துவிட்டது! நம்முடைய காகிதத்துக்கு முன்னால் ஜவுளிக் கடை நிற்க முடியவில்லை. ஆதிரா அடித்துக் காட்டினாள். சரோஜம், ஒரு புள்ளி, காம், ஒரு புள்ளி, எஸ்.ஜி. பக்கம் மெதுவாக மேலிருந்து கீழே இறங்கிற்று, திரை இறக்குகிற மாதிரி. உலகத்தில் எந்த மூலையில் எவன் தட்டினாலும் இதுவேதான் வருமாம். சாலைக் கடைத்தெருவில் உளுந்து மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிற நான், சிங்கப்பூர் வாசலைத் தாண்டி உள்ளே நிற்கிறேன். வாசல்காரன் கேட்டானே, உள்ளே உனக்கு யார் என்று? என் தங்கை இருக்கிறாள், மாப்பிள்ளை இருக்கிறார், போடா.

கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் கதை சொல்லி வாய் வலிக்கிறது. 'எங்க அப்பா மகள் பெயரில் தொடங்கினார், அந்தப் பெயர் மகள் இருக்கிற தேசத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டது' என்கிறேன். நேற்று ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடுதலாக ஒரு கட்டு வாங்கிப் போனாள்.

ஓணத்துக்கு எல்லோரும் வாருங்கள். மாடி அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. மாப்பிள்ளைக்கு மீன் குழம்பு உண்டு, உன் மைனி இப்போதே பழகுகிறாள்.

அண்ணன் நயினார்

பி.கு.: அனுப்பிய காகிதத்தின் நகல் இத்துடன். பரணில் கிடந்த பழைய லைசென்ஸ், அப்பா கையெழுத்தோடு. 'சரோஜம் அப்பளம்' என்று தெளிவாக இருக்கிறது. தேதி கொல்லம் வருஷத்தில் இருப்பதால் அங்கே பிள்ளைகளுக்குப் புரியாது. நீயும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். ஆதிரா கணக்குப் போட்டுவிட்டாள், 1955. நீ பிறந்தது 1958.