பெடல் இல்லாத ஐந்து வாரம்

25 பிப்ரவரி 2007, ஞாயிறு

ஆராதனைக்குக் கோவிலுக்குப் போய் வந்ததும் மகள் ஃபெபாவின் சைக்கிளைத் துடைத்து மாடிப்படிக்குக் கீழே நிறுத்தினேன். அவள் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. நாலரை வயதுப் பிள்ளை, சுவரை ஒட்டியே நடந்து படியேறிப் போய்விட்டது.

தப்பு என்னுடையது. பொங்கல் லீவில் சைடு வீலைக் கழற்றிவிட்டு, சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். "அப்பா, புடிச்சிருக்கியா?" "புடிச்சிருக்கேம்மா." சொல்லிக்கொண்டே கையை எடுத்தேன். எல்லா அப்பாக்களும் இப்படித்தானே பழக்குகிறார்கள்? எங்கள் ஊர் நாசரேத்தில் என் அப்பாவும் இதைத்தான் செய்தார். பத்தடி போனவள் திரும்பிப் பார்த்தாள். நான் தூரத்தில் நின்றிருந்தேன். விழுந்தாள். உதட்டில் இரண்டு தையல்.

தையல் பிரித்து ஒரு மாதம் ஆகிறது. இன்னும் படியில் அவள் அம்மா ஜெபசீலியின் கையைத்தான் பிடிக்கிறாள். நான் நீட்டினால், "நீ விட்டுடுவ" என்கிறாள். கோபமே இல்லை அந்தக் குரலில். அதுதான் தாங்க முடியவில்லை.

1 மார்ச்

கம்பெனியில் புது மெஷின் பொருத்த வந்திருக்கும் ஜெர்மன் எஞ்சினியர், சாப்பாட்டு நேரத்தில் தன் பையனின் போட்டோவைக் காட்டினார். மூன்று வயது இருக்கும். மரத்தில் செய்த சைக்கிள். பெடல் இல்லை, செயின் இல்லை. காலால் தரையைத் தள்ளிக்கொண்டு போகிறான். அவர்கள் பக்கம் பிள்ளைகள் இதில்தான் தொடங்குகிறார்களாம். பேலன்ஸ் தானாக வந்துவிடுமாம். யாரும் பின்னால் பிடித்துக்கொண்டு ஓட வேண்டாமாம்.

யாரும் பிடிக்க வேண்டாம் என்றால் யாரும் பொய் சொல்லவும் வேண்டாம். மத்தியானம் முழுக்க இதே நினைப்பு. ஓசூரில் அந்த வண்டிக்கு எங்கே போவது? இருக்கிற சைக்கிளில் பெடலைக் கழற்றினால் ஆயிற்று. இரண்டு நாள் பழகட்டும், திரும்ப மாட்டிவிடலாம்.

4 மார்ச், ஞாயிறு

வலது பெடல் சுலபமாக வந்தது. இடது பெடல் அசையவில்லை. துரு என்று நினைத்து எண்ணெய் விட்டேன். ஸ்பேனரில் ஒரு பைப்பை மாட்டி என் முழு பலத்தையும் போட்டேன். சடக்! மரை மொத்தமும் போய்விட்டது.

5 மார்ச்

பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கும் சென்னகிருஷ்ணன் பெடல் மாட்டும் கிராங்கைப் பார்த்தார், என் கம்பெனி சட்டையைப் பார்த்தார். "ஏன் சாரு, எடது பெடலு உல்டா மரைங்க. நீங்க கழட்டல, இறுக்கியிருக்கீங்க. அதுக்குப் பைப்பு வேறயா?"

மிதிக்க மிதிக்கக் கழன்று வரக்கூடாது என்று இடது பக்கத்துக்கு மட்டும் எதிர் மரை. தினமும் முந்நூறு மரைக்குக் கேஜ் போட்டு அளந்து, சரியில்லாததைத் திருப்பி அனுப்புகிற இன்ஸ்பெக்டர் நான். வெட்கக்கேடு.

இவ்வளவு சின்ன கிராங்க் இங்கே இல்லையாம். பெங்களூரிலிருந்து வர மூன்று வாரம் ஆகுமாம். இரண்டு கிராங்கையும் செயினையும் கழற்றி, சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கிக் கொடுத்தார்.

ஜெபசீலி சும்மா விடுவாளா? "ஊரு மரையெல்லாம் பாக்குதவங்களுக்கு வீட்டு மரை தெரியலையாக்கும்."

7 மார்ச்

தொடவில்லை.

9 மார்ச்

தொடவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஆசைப்பட்டு, "ஓட்டுறியா?" என்று பிள்ளையிடம் கேட்டுவிடக் கூடாது என்று ஜெபசீலி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள்.

11 மார்ச், ஞாயிறு

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கீழே தனியாக நின்றாள். பெடல் இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில். அப்படியே நடந்தாள், வாத்து மாதிரி. காம்பவுண்டு கேட் வரை போய்வந்தாள். மாடிக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள்: "வண்டி என்னைய தள்ளாதும்மா. என் காலு கீழேதான இருக்கு."

15 மார்ச்

நடை இப்போது நீள நீள எட்டுகளாகிவிட்டது. இரண்டு எட்டு வைக்கிறாள், காலைக் கொஞ்சம் தூக்குகிறாள், உடனே ஊன்றுகிறாள். சாயும்போது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஹேண்டிலைத் திருப்புகிறாள். இதை யார் சொன்னது இவளுக்கு? நான் சொல்லவில்லை. எனக்கே இன்றுதான் தெரியும், நானும் அப்படித்தான் ஓட்டுகிறேன் என்று.

18 மார்ச், ஞாயிறு

கோவில் மைதானத்தில் லேசான சரிவு. மேலே நின்று வெகுநேரம் யோசித்தாள். தள்ளினாள். இரண்டு காலையும் தூக்கிவிட்டாள்! ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு... ஏழு வரை எண்ணினேன். பாட்டுக் குழுப் பிள்ளைகள் வாசலில் நின்று கைதட்டினார்கள். அவள் யாரையும் கண்டுகொள்ளவில்லை. வண்டியைத் திருப்பி மறுபடியும் மேட்டுக்கு உருட்டிக்கொண்டு போனாள்.

எட்டு வருஷமாக நல்ல பாகம் எது, கெட்ட பாகம் எது என்று பார்க்கிறேன். இந்தப் பிள்ளையிடம் ஒரு குறையும் காணோம். எழுதும்போதே சிரிப்பு வருகிறது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

நான் பெடலை ஒழுங்காகக் கழற்றியிருந்தால் இரண்டாம் நாளே திரும்ப மாட்டியிருப்பேன்.

27 மார்ச்

கிராங்க் வந்துவிட்டது என்று சென்னகிருஷ்ணன் ஆள் அனுப்பினார். வாங்கி வந்து பரணில் வைத்துவிட்டேன். "எப்பம் மாட்டப் போறீங்க?" என்கிறாள் ஜெபசீலி. ஃபெபாவே கேட்கட்டும் என்றேன். உண்மை அது இல்லை. பயம். எனக்குத்தான்.

6 ஏப்ரல், பெரிய வெள்ளி

ஆராதனை முடிந்து வரும் வழியில் ஃபெபாவே கேட்டாள்: "என் பெடல் எங்கப்பா?"

8 ஏப்ரல், ஈஸ்டர்

நேற்று சென்னகிருஷ்ணனே மாட்டிக் கொடுத்தார். என்னை ஸ்பேனரைத் தொடவே விடவில்லை.

ஆராதனை முடிந்து மைதானம். புதுக் கவுனோடு ஏறி உட்கார்ந்தாள். இனி நான் எதற்கு என்று பத்தடி தள்ளியே நின்றேன். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"பெடல்ல கால் வெக்கிற வரைக்கும் புடிச்சுக்கோ. நான் சொன்னப்புறம் விடு."

சீட்டைப் பிடித்தேன்.

"புடிச்சிருக்கியா?"

"புடிச்சிருக்கேம்மா."

பிடித்திருந்தேன். மிதித்தாள். கூடவே ஓடினேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"இப்ப விடு."

விட்டேன். மைதானத்தை முழுசாகச் சுற்றி வந்து, காலை ஊன்றி என் முன்னால் நின்றாள். "நீ புடிச்சது நல்லாருந்துச்சு" என்றாள்.

வீட்டுக்கு வந்து சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினேன். என் இன்னொரு கையை அவள் பிடித்துக்கொண்டு வந்தாள்.