ட்ரம் கோழிக் கடை

மாமா,

நேற்று எங்கள் பள்ளித் தலைமை ஆசிரியையின் மகளுக்கு ரிசப்ஷன். பந்திக் கூடத்துக்கு வெளியே மேசை போட்டுக் கோழி சுட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கறுப்பு ஏப்ரன் கட்டிய ஒருவர், நாற்பது வயதிருக்கும், கரி சீக்கிரம் பற்றட்டும் என்று ஒரு பாட்டிலிலிருந்து எதையோ ஊற்றினார். மண்ணெண்ணெயோ டீசலோ, அந்த நாற்றம் பத்தடி தள்ளி நின்ற என் மூக்கில் ஏறியது. பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரிடம் போய், இந்த வாடை போகிறவரை கோழியை வைக்காதீர்கள், கறியெல்லாம் இதைக் குடித்துவிடும் என்று கன்னடத்தில் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மேடம் ஹோட்டல் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

"வெச்சிருந்தோம்" என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு கன்னடத்தில் சொன்னேன்.

அதற்குமேல் பந்தியில் உட்கார மனம் வரவில்லை. மணமக்களிடம் கவரைக் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். உங்களுக்கு எழுத வேண்டும் போலிருந்தது.

உங்கள் மகன் போன நாளிலிருந்து தொடங்குகிறேன். நமக்கு எல்லாமே அங்கிருந்துதான் தொடங்கியது. பெங்களூருக்கு ஆபீஸ் வேலையாகப் போனவர், இனி வரமாட்டேன், வேறொருத்தியோடு இருக்கிறேன் என்று எனக்கு மெசேஜ் அனுப்பியிருந்தார். போனை உங்களிடம் நீட்டினேன். கண்ணாடி போடாததால் கையைத் தள்ளிப் பிடித்து, உதடு அசையப் படித்தீர்கள். இரண்டாவது தடவையும் படித்தீர்கள்.

"எனக்கு ஒண்ணும் எழுதலையேம்மா" என்றீர்கள்.

என்னை மட்டும்தான் விட்டுவிட்டுப் போனார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தை இறந்து நான்கு வருடம் ஆகியிருந்த அந்த வீட்டில் விட்டுப்போனது இரண்டு பேரை என்பது நீங்கள் அப்படிச் சொன்னபோதுதான் உறைத்தது.

மறு வாரம் எங்கள் ஊர் ராமாபுரத்திலிருந்து அப்பா ஒரு டெம்போவோடு வந்து இறங்கினார். "மாப்ள இல்லாத ஊட்ல எம் பொண்ணு எதுக்குங்க சம்பந்தி? கூட்டிட்டுப் போயிர்றனுங்க" என்றார். நீங்கள் வாதாடவில்லை. "நீங்க சொல்றது சரிதானுங்க. அது கண்ணு இஷ்டம். முதல்ல ஒரு வாய் சாப்பிடுங்க" என்றீர்கள். சாப்பிட வீட்டில் என்ன இருந்தது? ஒரு வாரமாக நான் அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. நீங்கள் பன் வாங்கி வருவீர்கள், இருவரும் டீயில் தொட்டுத் தின்போம்.

கொல்லையில் அந்த ட்ரம் கிடந்தது. சர்ச் அறுப்புப் பண்டிகைக்காக நீங்கள் எண்ணெய் ட்ரம்மை நெடுக்காக அறுத்து, கால் வைத்து, மேலே கம்பிவலை போட்டு வெல்டிங் செய்தது. முப்பது வருடம் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தவருக்கு அது அரைநாள் வேலை. கோழி வாங்கி வந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி, கரியைக் கொட்டிப் பற்ற வைத்தீர்கள். மேலே கருகி, உள்ளே ரத்தம் தெரிந்தது. அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டு மரியாதைக்காகச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மூலையிலிருந்து எழுந்தேன். பச்சை மிளகாய், கொத்தமல்லி, மிளகு, பூண்டு எல்லாவற்றையும் அரைத்து எலுமிச்சை பிழிந்தேன். மீதிக் கோழியைக் கத்தியால் ஆழமாகக் கீறி, அதற்குள் விழுதை அடைத்துத் தந்தேன். இந்த முறை நீங்கள் பொறுமையாகச் சுட்டீர்கள். அப்பா நான்கு துண்டு சாப்பிட்டார். டெம்போ டிரைவர் ஆறு.

கை கழுவிவிட்டு அப்பா என்னிடம், "பொட்டி கட்டலியா?" என்றார்.

"இன்னொரு நாள் வர்றேன்ப்பா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. கையில் விழுது ஒட்டியிருந்தது, அடுப்பில் இன்னும் இரண்டு துண்டு இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் நினைவில் இல்லை. டெம்போ காலியாகத் திரும்பிப் போவதை இருவரும் வாசலில் நின்று பார்த்தோம். "பாவம், அவ்ளோ தூரத்துலேர்ந்து சும்னே வந்துட்டுப் போகுது வண்டி" என்றீர்கள். அந்த வாரத்தில் நான் முதன்முதலாகச் சிரித்தது அதற்குத்தான்.

வாசனை பிடித்துப் பக்கத்து வீட்டு அக்கா வந்தாள். அடுத்த ஞாயிறு சர்ச்சிலிருந்து நான்கு குடும்பம். கிறிஸ்துமஸுக்குள் கொல்லையில் தகரக் கொட்டகையும் ஐந்து மேசைகளும் வந்துவிட்டன. பலகை வைக்கவில்லை. வந்தவர்களே 'ட்ரம் கோழி' என்று பேர் வைத்தார்கள். பகலில் நான் பள்ளி ஆபீஸ் வேலை. நான்கரைக்கு வெளியே வந்து, தேவராஜ மார்க்கெட்டில் எலுமிச்சையும் கொத்தமல்லியும் வாங்கிக்கொண்டு பஸ் பிடித்து வருவதற்குள் நீங்கள் கரியைத் தயாராக வைத்திருப்பீர்கள். ஒரு சொட்டு எண்ணெய் ஊற்றாமல், தேங்காய் நாரும் விசிறியும் மட்டும் வைத்துக்கொண்டு. "கரி மேல வெள்ளையா சாம்பல் படியட்டும் கண்ணு. அப்புறம்தான் அது நம்ம பேச்சைக் கேக்கும்" என்பீர்கள்.

அடுத்த தெருவிலிருந்து வருவாரே ஐயங்கார் புரொபசர், நினைவிருக்கிறதா? கோழி பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, சுட்ட அன்னாசியும் மக்காச்சோளமும் மட்டும் சாப்பிடுவார். அவருக்கென்று தனி வலை, தனி இடுக்கி செய்து வைத்தீர்கள். "ஆத்துல சொல்லிடாதீங்கோ" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். ஒரு நாள் அவர் மனைவியே அவரோடு வந்து, தனக்கும் ஒரு சோளம் கேட்டார். அன்று நீங்கள் சிரிப்பை அடக்க உள்ளே போய் நின்றுகொண்டது எனக்குத் தெரியும்.

நமக்குள் சண்டையும் குறைவில்லை. துண்டைச் சீக்கிரம் திருப்பச் சொல்வேன், திருப்பமாட்டீர்கள். மீன் போடலாம் என்பேன், "வலை நாறும், பேடா" என்று கன்னடத்தில் மறுப்பீர்கள். கடைசியில் வெள்ளிக்கிழமை மட்டும் மீன் என்று ஒத்துக்கொண்டீர்கள். அதுவும் அந்த மீனை நீங்கள் தொடமாட்டீர்கள், நான்தான் சுட வேண்டும்.

எட்டு வருடம் கழித்து ஒரு ஞாயிறு மத்தியானம் உங்கள் மகன் வந்தார். கடை திறக்காத நேரம். நான் மேசையில் எலுமிச்சை நறுக்கிக்கொண்டிருந்தேன். தொப்பை விழுந்து, முன்தலை வழுக்கையாகி, சட்டென்று அடையாளம் தெரியவில்லை. என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். நீங்கள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சாப்பிடறியா?" என்று மட்டும் கேட்டீர்கள். ட்ரம்மைப் பற்ற வைத்துச் சுட்டுக் கொடுத்தீர்கள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் நறுக்கத் தேவையில்லாத எலுமிச்சையெல்லாம் நறுக்கினேன்.

"அப்பா, நம்ம வீட்டை வித்துடலாம்" என்றார் அவர். "பெங்களூர்ல வந்து நம்ம எல்லாரும் ஒண்ணா இருக்கலாம். பேரனுங்க இருக்கானுங்க. இந்த வயசுல இந்தப் புகையில எதுக்கு நிக்கறீங்க?"

கத்தியைக் கீழே வைத்தேன். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. நீங்கள் அவருடைய அப்பா. பேரப் பிள்ளைகளை நீங்கள் பார்த்ததுகூட இல்லை. நீங்கள் போனால் எனக்கு அங்கே இருக்க என்ன உரிமை? ராமாபுரத்தில் அப்பாவும் அப்போது இல்லை.

நீங்கள் இலையை மடித்து எடுத்துக்கொண்டே, "எங்களுக்குக் கடை இருக்குப்பா" என்றீர்கள்.

கன்னடத்தில் 'நம்ம' என்பதற்கு ஒரே சொல்தான், அதில் யாரைச் சேர்த்தோம், யாரை விட்டோம் என்று தெரியாது. தமிழில் கேட்பவரைச் சேர்த்தால் 'நம்ம', விட்டுவிட்டால் 'எங்க' என்று தெரிந்துவிடும். அவர் உங்களிடம் 'நம்ம' என்று சொன்னதில் நானும் இருந்தேனா என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் 'எங்களுக்கு' என்றதில் நான் இருந்தேன். அவர் இல்லை. அவருக்கும் அது புரிந்தது, முகத்தில் பார்த்தேன்.

பேரப் பிள்ளைகளுக்கென்று கோழியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தீர்கள். வாங்கிக்கொண்டார். கார் தெரு முனையில் திரும்பும்வரை வாசலில் நின்றீர்கள். பிறகு உள்ளே போய்ப் படுத்துவிட்டீர்கள். அன்று மாலை முதன்முறையாக நான் ஒருத்தியே ட்ரம் முன் நின்றேன். அரைமணி கழித்து உள் அறையிலிருந்து உங்கள் குரல் வந்தது: "ரெண்டு தீஞ்சுபோச்சு, பாரு." வாசனையிலேயே எண்ணிக்கையும் தெரிந்திருக்கிறது உங்களுக்கு.

அதற்குப் பிறகும் ஆறு வருடம் நடத்தினோம். இருமல் எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் தெரிய விடவில்லை. ஒரு நாள் திருப்புளி தேடி உங்கள் பழைய பட்டறைப் பெட்டியைத் திறந்தேன். வெல்டிங் கண்ணாடிக்கு அடியில் இன்ஹேலரும், டாக்டர் சீட்டும் இருந்தன. எட்டு மாதப் பழைய சீட்டு. மறுநாள் லீவு போட்டுவிட்டு அந்த டாக்டரிடம் நானே போனேன். வீட்டில் யார் புகை பிடிக்கிறார்கள் என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். பிறகு ட்ரம்மைப் பற்றிச் சொன்னேன். பட்டறைப் புகை போதாதென்று இது வேறா என்றார். உடனே நிறுத்தச் சொல்லி எட்டு மாதம் முன்னாலேயே உங்களிடம் சொன்னாராம்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். "மாமா, கடையை மூடறேன்."

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கல."

"நான் கொட்டகைக்கு வெளிய உக்காந்துக்கறேன். நீ சுடு."

"அப்பவும் எழுந்து வருவீங்க. எனக்குத் தெரியும் உங்களை."

ட்ரம்மை சர்ச்சுக்குக் கொடுத்துவிட்டேன். நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனபோது நீங்கள் வெளியே வரவில்லை. பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. மாலையில் யாராவது வந்து கேட் ஆட்டினால், "பார்ட்னர் மூடிட்டாங்க. அவங்களையே கேளுங்க" என்று சத்தமாகச் சொல்வீர்கள், சமையலறையில் எனக்குக் கேட்கட்டும் என்று. காலி மேசை ஒன்றில் போய் உட்கார்ந்துகொள்வீர்கள். ஜன்னல் வழியாக உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு மனிதருக்கு மிச்சமிருந்த ஒரே சந்தோஷத்தை நானே எடுத்துவிட்டேனே என்று எத்தனை தடவை நினைத்தேன் தெரியுமா? உங்கள் மகன் போனபோதும் இப்படித்தான், நான் எங்கே தப்பு செய்தேன் என்று மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் சாப்பாட்டில், "ரசத்துல உப்பு இல்ல" என்றீர்கள்.

உப்பு ஜாடியை எடுத்து வந்தேன். "என்மேல கோபமா மாமா?"

"ஆமா."

"நான் பண்ணினது தப்பா?"

நீங்கள் உப்பைப் போட்டுக் கலக்கினீர்கள். "தப்புன்னு எப்பச் சொன்னேன்? கோபம்னுதான் சொல்றேன். அது வேற, இது வேற" என்றீர்கள். பிறகு இன்னொரு கரண்டி ரசம் கேட்டீர்கள்.

அப்புறம் இரண்டு வருடம் கிடைத்தது நமக்கு. காலையில் பூங்கா வரை நடப்போம், பாதியில் பெஞ்சில் உட்காருவோம். ஒரு நாள் உங்கள் மூச்சு அடங்கக் காத்திருந்தபோது கேட்டேன்: "அன்னைக்கே மகன்கூடப் போயிருந்தா இவ்ளோ ஆகியிருக்காது, இல்ல?"

"போயிருந்தா பால்கனியில உக்காந்து நல்லா மூச்சு விட்டுக்கிட்டிருப்பேன்" என்றீர்கள். பெஞ்சிலிருந்து எழுந்துகொண்டே, "விட்டுக்கிட்டு என்ன பண்றது?" என்றீர்கள்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, படிவம் எழுதிய நர்ஸ் என்னைக் காட்டி, இவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். மருமகள் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். மகன் இல்லாமல் மருமகள் எப்படி என்று ஒரு தயக்கம். நீங்கள் ஆக்சிஜன் மாஸ்க்கை விரலால் விலக்கி, "பார்ட்னர்" என்றீர்கள். அவள் குழம்பிப் போய் என்னைப் பார்த்தாள். நீங்கள் மாஸ்க்கைத் திரும்பப் பொருத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டீர்கள், அதற்குமேல் விளக்க ஒன்றுமில்லை என்பதுபோல. அவள் என்ன எழுதினாள் என்று நான் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் விடியும்போது போய்விட்டீர்கள். உங்கள் மகன் வந்தார், சவப்பெட்டியின் முன்பக்கம் தோள் கொடுத்தார். மறுவாரம் போன் செய்து, வீட்டில் நீயே இரு, நான் கேட்கமாட்டேன் என்றார். அவருக்கும் உங்கள் பிள்ளை என்கிற குணம் எங்கோ இருக்கத்தான் செய்கிறது.

போன மாதம் எங்கள் பள்ளியில் எல்லோருக்கும் உடம்பு பரிசோதனை. என் நெஞ்சு எக்ஸ்ரேயில் வலது பக்கம் கீழே சின்னதாக ஒரு வெள்ளைத் தழும்பு இருந்தது. பயந்துபோய் நிபுணரிடம் காட்டினேன். ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, புகையில் நிறைய நின்றிருக்கிறீர்களா என்று கேட்டார்.

"பதினாலு வருஷம்" என்றேன்.

பழைய தழும்பு, அதனால் ஒன்றும் ஆகாது, வளரவும் வளராது என்றார். எடுக்க வேண்டாமா என்று கேட்டேன். வேண்டாம், அது பாட்டுக்கு அங்கேயே இருக்கட்டும் என்றார்.

இருக்கட்டும் என்றுதான் நானும் சொன்னேன், மாமா.