விசில் கேட்டுக் குந்திய பேண்டு செட்

அன்பான நைனாவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், எனக்கு மீசை முளைத்துவிட்டது. அம்மா கரி என்று நினைத்து முந்தானையால் அழுத்தித் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை.

அடுத்த செய்தி. சரக்கு கடத்தினாய் என்று உன்னைப் பிடித்தார்களே, அந்தச் சுங்கச்சாவடி இப்போது இல்லை. பிரெஞ்சு வெள்ளைக்காரன் போனான், எல்லையும் போனது. அங்கே ஆடு படுத்திருக்கிறது. நீ உள்ளே கழித்த வருஷங்களை யாரிடம் போய்க் கேட்பது?

விடுதலையாகி வந்து நீ சேர்த்த பேண்டு செட்டை, நீ காய்ச்சலில் போன பிறகும் நாங்கள் கலைக்கவில்லை. உன்னோடு சிறையில் இருந்த காதர் மாமா டிரம், ஏழுமலை மாமா டிரம்பெட். உன் கிளாரினெட் என்னிடம். நான் வாயில் வைத்தால் கடற்கரைக் காக்காயும் நின்று கேட்கும்.

"ஜெயிலு ஆளுங்க வாசிச்சா கல்யாணம் வெளங்குமா?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"மாப்ள தப்பிச்சுப் போவ மாட்டாரு. காவலுக்குத்தான் நாங்க இருக்கோமே" என்றேன்.

அரியாங்குப்பத்து மீன் வியாபாரி ஒருவர்தான் துணிந்து மகள் கல்யாணத்துக்கு அழைத்தார். இதுவும் கெட்டால் செட்டுக்கு வேறு அழைப்பு வராது.

ஊர்வலம் கடைத்தெருவில் திரும்பும்போது, வண்டிகளை நிறுத்தப் போலீஸ்காரர் விசில் ஊதினார். அவ்வளவுதான். மாமாக்கள் இருவரும் நடுத்தெருவில் ஜோடியாகக் குந்திவிட்டார்கள். சிறையில் தலை எண்ண அப்படித்தானே குந்த வைப்பார்கள்? தெருவே சிரித்தது. பெண்ணின் அப்பா முகம் கறுத்தது.

"குந்தியாச்சு ஏழுமல. வாசிச்சிக்கினே எழுந்துக்கலாம், வா" என்றார் காதர் மாமா. டிரம் அதிர்ந்தது. டிரம்பெட் சேர்ந்துகொண்டது. குந்தியபடி வாசித்து, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து எழுந்தார்கள். சிரிப்பு நின்றுவிட்டது.

போலீஸ்காரர் மறுபடி ஊதினார். ஒருவரும் குந்தவில்லை. காதர் மாமா அவரை நேராகப் பார்த்து ஓங்கி ஒரு அடி கொடுத்தார். டிரம்மின் மேல்தான்.

"சின்னவ கல்யாணத்துக்கும் நீங்கதான்யா" என்றார் பெண்ணின் அப்பா. உள்ளே இருந்தவர்கள் என்று நம்மைச் சொன்ன தெரு, இப்போது வெளியே வந்து நின்று கேட்கிறது நைனா.

இனி வரும் வரிகளை மற்றவர்கள் தாண்டிப் போகவும். அன்று ஊர்வலம் முழுக்க நான் கன்னத்தை உப்பி வைத்திருந்தேன். சத்தம் வரவேயில்லை. காக்காய் விஷயமும் பொய். சின்னவள் கல்யாணத்துக்குள் வரவைத்துவிடுவேன், உன்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
இதுவரை கன்னம் மட்டும் தேறிய உன் மூத்த மகன்