எஞ்சின் ஏன் சுத்தலைன்னா

ஏனுங்க,

உங்க லெட்டர் குப்பனூருக்கு, அக்கா ஊட்டுக்கு வந்து சேர்ந்துச்சு. நான் இங்க வந்து மூணு மாசம் கழிச்சு எழுதறீங்க. அதுல நான் எப்படி இருக்கேன்னு ஒரு வரி இல்லை. ஷெட்டுல இருக்கற உங்க குட்டி மாடல் எஞ்சின் சுத்தலையாம், பிஸ்டன் சிலிண்டருக்குள்ளயே இறுகிப்போச்சாம், ஏன்னு கேட்டிருக்கீங்க.

துருங்க. ஏற்காட்டு மூடுபனி, ஜன்னலைச் சாத்தினாலும் ஷெட்டுக்குள்ள வந்துரும். தினம் சாயங்காலம் அதைத் துடைச்சு எண்ணெய் போட்டு வெச்சது யாருன்னு நெனச்சீங்க?

மலர்க் கண்காட்சிக்கு அதைக் கொண்டுபோனப்ப ஒருத்தர் சக்கரத்தைச் சுத்திப் பார்த்துட்டு, "பிஸ்டன் வெண்ணெயாட்டம் போகுதே, யாரு கடைஞ்சது?"ன்னு கேட்டார். ஒம்போது தடவை கெடுத்து, பத்தாவது தடவை அதை நம்ம லேத்துல கடைஞ்ச நான் உங்க பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன். "எல்லாம் நானே செஞ்சதுங்க"ன்னு சொல்லிட்டு என்கிட்டத் திரும்பி, "சாருக்கு ஒரு டீ கொண்டா"ன்னீங்க. கொண்டாந்து குடுத்துட்டுத்தான் பஸ் ஏறினேன்.

சுத்தியால தட்டாதீங்க, சிலிண்டர் விரிசல் விட்டுரும். அந்த பிஸ்டன் இனி உதவாதுங்க. புதுசா ஒண்ணு கடைஞ்சுக்குங்க. எல்லாம் நீங்களே செஞ்சதுதானுங்களே.

இப்படிக்கு,
டீ கொண்டாந்தவ