மரிய லானின் மூன்று மனுக்கள்

செப்டம்பர் 3, 2025, புதன்

வைத்திக்குப்பத்தில் சங்கரா மீன் வாங்கினேன். எண்பத்தொரு வயதிலும் அப்பாவுக்கு மீன் ஆசை மட்டும் குறையவில்லை. முள்ளெடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது தம்பி ஜூலியன் பாரிஸிலிருந்து போன் செய்தான். தாத்தாவைச் சைகோனிலிருந்து நாடு கடத்திய கோப்பு, ஒரு வருட அலைச்சலுக்குப் பிறகு ஆவணக் காப்பகத்தில் கிடைத்துவிட்டதாம். மெயிலில் அனுப்பியிருக்கிறான். என்ன இருக்கிறது என்றால் சொல்லவில்லை. "போன்ல சொல்ற விஷயம் இல்லக்கா. ஸ்டெல்லாமேரி டீச்சர்கிட்ட குடுத்துப் படி."

அப்பாவிடம் சொன்னேன்.

"அதான் தெரியுமே. அவ என்னைய வேணாம்னு கப்பல்ல ஏத்தி வுட்டுட்டா. அதுக்குப் பேப்பர் வேறயா?"

அவ என்பது அவரைப் பெற்ற சைகோன் அம்மா. தாத்தாவோடு இங்கே வந்து இறங்கியபோது அப்பாவுக்கு நான்கு வயது. மறுவருடமே தாத்தா காய்ச்சலில் போய்விட்டார். பிறகு அப்பாவை வளர்த்த அவருடைய அத்தை சொன்ன கதைதான் இது. பள்ளிக்கூடத்தில் சப்பைமூக்கன் என்று கூப்பிட்டவர்களையெல்லாம் அப்பா மன்னித்துவிட்டார். அவளை இல்லை.

செப்டம்பர் 6, சனி

டீச்சர் ஓய்வு பெற்றும் பிரெஞ்சை விடவில்லை. காபி கொடுத்துவிட்டு, நிதானமாகப் படித்துத் தமிழில் சொன்னார்.

தாத்தா பிறந்த ஊர் பாண்டிச்சேரி எல்லைக்கு அந்தப் பக்கம், இங்கிலீஷ்காரன் மண். அதனால் பிரெஞ்சுக்காரன் ஆண்ட சைகோனில் அந்நியர். 1948இல் வெளியேற்றச் சொல்லி உத்தரவு. வாய்க்காலுக்கு இந்தக் கரையில் பிறந்திருந்தால்— சரி, விடு.

கல்யாணம் மாதா கோயிலில் நடந்திருக்கிறது. மேரிக்கு, அதாவது நகராட்சி ஆபீசுக்கு, போய்ப் பதியவில்லை. நம் ஆட்கள் செய்யக்கூடியதுதான். சாமியார் முன்னால் தாலி கட்டியாயிற்று, அப்புறம் நகராட்சியில் என்ன கையெழுத்து என்று இருந்துவிடுவார்கள். ஆனால் பிள்ளை பிறந்ததை ஒழுங்காகத் தன் பேரில் பதிந்திருக்கிறார். ஆகவே பிள்ளை அவருடையது, அவரோடு கப்பலேற வேண்டியது. அவள்? சர்க்காருக்கு அவள் யாரோ.

மரிய லான், வயது இருபத்துநான்கு. மூன்று மனு கொடுத்திருக்கிறாள். முதலாவதில், தன்னையும் சேர்த்து நாடு கடத்தச் சொல்லிக் கேட்கிறாள். இரண்டாவதில், கப்பலின் மேல்தளத்தில் வெயிலில் உட்கார்ந்து வருகிறேன் என்கிறாள். மூன்றாவதில் தன்னைப் பற்றி ஒன்றுமில்லை. பிள்ளைக்கு இருமல் இருக்கிறது, கப்பலில் வெந்நீர் கொடுக்கச் சொல்லுங்கள் என்று மட்டும். மூன்றின் ஓரத்திலும் ஒரே குறிப்பு: மனைவி அல்லாதவர், மறுக்கப்படுகிறது.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. வரும் வழியில் பால் வாங்கினேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

துணி துவைத்தேன். நான் என்ன கல்லா?

செப்டம்பர் 14, ஞாயிறு

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். மூன்று மனுவையும், ஓரக் குறிப்பையும். முடித்ததும், "ஃபேன கொஞ்சம் கொறைச்சு வையிம்மா" என்றார். அவ்வளவுதான். காதில் விழுந்ததா? மெஷின் மாட்டியிருந்தார், விழாமல் இருக்காது.

அக்டோபர் 1, புதன்

ஜூலியன் மறுபடியும் போன். "என்னக்கா சொன்னாரு?" ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அவன் அங்கே அழுகிறான். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஆயுசு பூரா ஒருத்திய திட்டிட்டு, இப்ப ஃபேன கொறைன்னா என்ன அர்த்தம்? எனக்கும் ஏன் அழுக வரல? அவரு பொண்ணுதானே நான், வேற எப்படி இருப்பேன்?

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எதிர்வீட்டு அமுதவல்லி அதிரசம் கொடுத்தாள். அப்பா இரண்டு சாப்பிட்டார்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். பூசையில் சாமியார் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார். எங்கள் வீட்டுப் பெயர்களை வருடாவருடம் கோயில் ஆபீசில் கொடுப்பது நான்தான். தாத்தா, அத்தை, அம்மா. அந்த மூன்றோடு முடியும் என்று நினைத்தேன். "சூசைநாதனின் தாயார் மரிய லான்" என்றார் சாமியார்.

சூசைநாதன் அப்பாதான். திரும்பிப் பார்த்தேன். நேராகப் பீடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எப்போது ஆபீசுக்குப் போனார், யார் கூட்டிப் போனது, எதையும் நான் கேட்கவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் அவரே ஆரம்பித்தார்.

"அதுக்கு என்ன வயசுன்னு சொன்ன?"

"யாருக்குப்பா?"

"அம்மாவுக்கு."

"இருபத்திநாலு."

ஆட்டோ சிக்னலில் நின்று கிளம்பியது.

"சின்னப் பொண்ணும்மா" என்றார். "புள்ளைய அனுப்பிட்டு, அன்னிக்கு ராத்திரி எப்படித் தூங்குச்சோ."