முத்தக்காவுக்கும் சகுபாய்க்கும் நடுவே ஒரு சுவர்

எங்கள் சந்தின் பெரிய குரலே, என் முத்தக்கா,

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. இந்தச் சேதியை உனக்குச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் வீட்டுக் கதவில் நம்பர் எழுதிவிட்டார்கள், அக்கா. உன் மகள் கவிதாவுக்குத் தனி வீடு உண்டு.

ஏரவாடாவில் நம் சந்து முழுவதையும் இடித்துவிட்டு மாடிக் கட்டடம் எழுப்பப் போகிறார்கள். வீட்டுக்கு ஒரு நம்பர், நம்பருக்கு ஒரு ஃபிளாட். கணக்கெடுக்க வந்தவர்கள் உன் வீட்டையும் பக்கத்துச் சகுபாய் வீட்டையும் ஒன்றாக எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு ஃபிளாட் வாங்குவதற்காக ஒரே வீட்டின் நடுவில் புதிதாகச் சுவர் வைத்திருக்கிறோமாம்! பட்டியலில் சகுபாய் பெயர் மட்டும் இருந்தது. கவிதாவுக்கு ஒன்றுமில்லை. உன் காகிதங்களோ, ஆற்றுத் தண்ணீர் உள்ளே வந்த வருஷமே கூழாகிவிட்டன.

புதுச் சுவராம். கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாம் வந்தபோது இங்கே என்ன இருந்தது? முள்ளும் சேறும். கள்ளக்குறிச்சியிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள் நாம். ஊராருக்கெல்லாம் பங்களா கட்டிவிட்டு, வேண்டாமென்று ஒதுக்கிய உடைசல் செங்கல்லைக் கேட்டு வாங்கித் தலையில் சுமந்து வந்து நமக்குச் சுவர் எழுப்பினோம். தகரம் போய்ச் செங்கல் வந்த அன்று நீ சந்து முழுக்கக் கேசரி கொடுத்தாய். ஏரவாடா என்றால் ஜெயில்தானே என்று யாராவது கேட்டால், "ஆமா, நான் கட்டின வீடும் அங்கதான் இருக்கு" என்பாய்.

மறுபடி விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். நாங்கள் எல்லோரும் போய்ச் சாட்சி சொன்னோம். "நீங்க எல்லாம் ஒரே ஊர்க்காரங்க, இப்படித்தான் சொல்வீங்க" என்று அவர் எழுதக்கூட இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் மராத்திக்காரி சகுபாய் சொல்லட்டும் என்றார்.

நீயும் அவளும் முகம் பார்த்துப் பேசி எத்தனை வருஷம்! கவிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவங்களுக்கு அம்மா மேல ரொம்ப ராக்... கோபம் இருக்கு, சித்தி. எப்படி சொல்வாங்க?" உன் மகளின் தமிழ் இன்னும் மராத்தியில் தடுக்கி நொண்டி நொண்டித்தான் வருகிறது.

சகுபாய் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். சாட்சி சொல்ல வந்தவள் மாதிரி இல்லை, சண்டைக்கு வந்தவள் மாதிரி மராத்தியில் பொரிந்து தள்ளினாள். தமிழில் சொன்னால் இப்படி: "சாஹேப், இதுவா புதுச் சுவர்? இந்தச் சுவருக்காக அவகிட்ட எத்தனை வருஷம் சண்டை போட்டிருக்கேன்! வருஷா வருஷம் காலண்டர் மாட்ட ஒரு புது ஆணி அடிப்பா. இங்க என் சாமி படம் ஆடும். உள்ள வந்து பாருங்க!"

நாங்களும் பின்னாலேயே நுழைந்தோம். அவள் அலமாரியை நகர்த்தினாள். செங்கல்லை நிறுத்தி வைத்துக் கட்டிய மெல்லிய சுவர்தானே, நீ அடித்த நீள ஆணிகளின் முனைகள் அந்தப் பக்கம் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. தட்டி மடக்கக்கூட இல்லை. வருகிறவர்களிடம் காட்டி உன்னைத் திட்டுவதற்கென்றே வைத்திருந்தாள் போல. அதிகாரி ஒன்றைத் தொட்டார். துரு பொடியாக உதிர்ந்தது.

"இதையும் நேத்துதான் அடிச்சாளா? அவ செத்தே ரெண்டு வருஷம் ஆச்சு" என்றாள் சகுபாய்.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கேயே நின்று எழுதினார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை, அக்கா. காகிதம் இல்லாத வீட்டுக்கு உன் சண்டைக்காரி சாட்சி! பணக்காரர்கள் இருக்கும் வாகட் பக்கம் பளபளவென்று மாடி மாடியாக நிற்கிறதே, அங்கே இருப்பவர்களிடமும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன், நாங்கள் இப்படிப்பட்ட சந்தில் வாழ்ந்தவர்கள் என்று.

அதிகாரி போன பிறகு சகுபாய் வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். "அவ படுக்கையில கிடந்தப்போ ஒரு நாள் போய்ப் பார்த்திருக்கலாம்" என்றாள். நீயாவது அவளைக் கூப்பிட்டிருக்கலாமே? ஆசை இருந்தும் வீம்புக்காக வாயை மூடிக்கொண்டாயா?

ஃபிளாட் ஒதுக்கும் குலுக்கலில் கவிதாவுக்கு எந்த மாடி விழும் என்று தெரியாது. எதுவானாலும், அவள் வீட்டில் பால் காய்ச்சும் நாளில் சகுபாயைக் கையைப் பிடித்து அழைத்துப்போய், அம்மா நிற்கவேண்டிய இடத்தில் நிறுத்துவேன். அவள் கையால்தான் அடுப்பைப் பற்றவைப்போம். நீ கோபித்துக்கொண்டாலும் சரி.

இது சத்தியம்.

உன் எதிர்வீட்டுத் தங்கை,
சரோஜா